இரண்டு தட்டினால் போகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்ட கதையல்ல. கள்ளு வெறியில் கண்டதுமல்ல, நான் தவறணைப் பக்கமே போகாதவன். ராத்திரியில் நடந்திருந்தாலாவது தூக்கக் கலக்கம் என்று சொல்லி மனதைத் தேற்றலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்த நேரத்தில். பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் மன்னாரில் வான் ஓட்டியிருக்க மாட்டார்.

என் பெயர் அமல்ராஜ். ஊர் ஓலைத்தொடுவாய். பத்து வருடங்களாகப் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். எங்கள் ஊரிலும் எருக்கலம்பிட்டியிலும் பிள்ளைகளை ஏற்றி மன்னார் டவுனில் இறக்கி, மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவேன். என் மகள் மெலானியும் அதே வானில்தான் வருவாள். அவள் இரண்டாம் வகுப்பு.

வானின் கதவுக்காரி என் மனைவி டிலோஜினி. பிள்ளைகளை ஏற்றுவாள், தலையை எண்ணுவாள், கதவை இழுத்துச் சாத்துவாள். பிறகு பின்பக்கத் தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். டீசல் எஞ்சின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. பஸ்ஸில் போனவர்களுக்குப் புரியும். பத்து வருடத்தில் அந்தச் சத்தம் என் காலோடு ஒட்டிப்போய்விட்டது. இரண்டு தட்டுக் கேட்டால் கால் தானாகவே கிளச்சை விடும். மூளைக்கு அதில் வேலையே இல்லை. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் டிலோஜினி இரண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். குலுக்கத்தில் போகவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு ஆள் பிடிப்பதற்குள் வான் வேலையைக் காட்டியது. பாலத்தடியில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. பிள்ளைகளுக்குச் சோதனை நாள் என்று நான் நிறுத்தாமல் ஓட்டினேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். எஞ்சின் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் வானுக்கு டவுனில் றமீஸ் நானாதான் வைத்தியர். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் துணியால் கையைத் துடைத்தார்.

"தம்பி, இது மையத்து. வேற எஞ்சின் பாருங்கோ."

அதன் பிறகு ஒரு கிழமை எனக்குப் பொருத்தம் பார்ப்பதே வேலை. என் கலியாணத்துக்குக் கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. ஒரே குடும்பத்து எஞ்சின்தான், ஆனால் ஜீப்பில் இருந்தது வானில் அப்படியே இருக்காது. ஜீப் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முன்பக்கம் தொங்கும், எங்கள் வானில் அது குறுக்குச் சட்டத்தில் முட்டும். கியர்பொக்ஸின் வாய் பொருந்த வேண்டும். கிளச் தட்டின் பல் ஒத்துப்போக வேண்டும். தாங்கு கட்டைகள் வந்து உட்காரும் இடம் ஒரு விரல் தள்ளியிருந்தாலும் வெட்டி ஒட்ட வேண்டும். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு நானாவின் உயிரை வாங்கினேன்.

"நானா, உது பொருந்துமோ?"

"பொருந்தினால் பொருந்தும். பொருந்தாட்டிப் பொருத்துவம். விடுங்கோ தம்பி."

கடைசியில் வவுனியாவில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் கிடைத்தது. இதே மாதிரி வானில் இருந்த எஞ்சின். ஏற்றி வந்து தூக்கி வைத்தோம். ஒரு ஓட்டையைக்கூடப் பெருப்பிக்கவில்லை. ஆணிகள் எல்லாம் விரலால் திருகவே உள்ளே போயின. முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது.

றமீஸ் நானாவுக்கு முப்பது வருட அனுபவம். அவரே தலையைச் சொறிந்தார்.

"இப்பிடி ஒண்டு நான் காணேல்ல தம்பி. தானா வந்து குந்தினது போல இருக்கு."

நான் சந்தோஷப்பட்டேன். மடையன்.

திங்கட்கிழமை காலை. ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எருக்கலம்பிட்டியில் நிறுத்தினேன். இர்ஷானா ஏறினாள். மூன்றாம் வகுப்பு, வாய் ஓயாத பிள்ளை. கதவு சாத்தியது. பின்னால் சத்தம் கேட்டது.

டொக் டொக்.

கால் கிளச்சை விட்டது. வான் நகர்ந்தது. பெரிய ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் உறைத்தது... டிலோஜினி வீட்டில் படுத்திருக்கிறாள்.

"ஆர் பிள்ளையள் தட்டினது?"

யாரும் இல்லை என்றார்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மத்தியானமும் அதே சத்தம். செவ்வாய் கேட்டது. புதனும் கேட்டது. பிள்ளைகள் யாரும் இல்லாமல் டீசல் அடிக்கப் போனபோதும் கேட்டது.

றமீஸ் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் நீளத் திருப்புளியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எஞ்சின் என் இருக்கைக்குக் கீழே இருக்கிறது, சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்றேன். தகரம் முழுக்க ஒரே உடம்புதானே, ஒரு இடத்தில் இடித்தால் வேறு இடத்தில் கேட்கும் என்றார். தாங்கு கட்டையின் ரப்பரை மாற்றினார். அடுத்த நாள் பின்பக்கத் தண்டின் மூட்டினை மாற்றினார். இரண்டும் புதுச் சாமான்.

சத்தம் போகவில்லை. இன்னொன்று கூடியது. இரண்டு தட்டுக் கேட்டுக் கொஞ்ச நேரத்தில், தனியாக ஒரு தட்டு. அது வேறு விதமாக இருந்தது. கனமாக, மந்தமாக.

டப்.

"அதுவும் ரப்பர்க் கட்டைதான். இருந்து சரிவரும், யோசிக்காதேங்கோ" என்றார் நானா. நானும் நம்பினேன். மெக்கானிக்கை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வெள்ளிக்கிழமை இர்ஷானா முன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின் இருக்கைக்குச் சண்டை பிடிக்கிறவள்.

"ஏன் பிள்ளை முன்னுக்கு வந்தனீங்கள்?"

"பின்னுக்கு அந்த மாமி இருக்கிறா."

"எந்த மாமி?"

"டிலோ மாமிக்குப் பதிலா வாற மாமி. எங்களை எண்ணுறவ. எண்ணி முடிய, திரும்பவும் எண்ணுவா."

கண்ணாடியில் பார்த்தேன். பின் இருக்கையில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓர் ஓரமாக இருந்தார்கள். மற்ற ஓரத்தில் ஓராள் இருக்கக்கூடிய அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்குப் பிள்ளைகள் யாரும் போகவில்லை.

"அவவுக்கு ஒரு கால்ல மட்டுந்தான் செருப்பு" என்றாள் இர்ஷானா. சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சின்னப் பிள்ளையின் கற்பனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கை வழுக்கியது. ஸ்டியரிங் முழுக்க வியர்வை.

அடுத்த நாள் வான் ஓடவில்லை. சார்ஜ் ஏற்றுவதற்காக நானா முதல் நாளே பற்றறியைக் கொண்டுபோயிருந்தார். எஞ்சின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. பின்னேரம் ஆறு மணி. கோயிலில் திரிகாலச் செப மணி அடித்து ஓய்ந்தது. டிலோஜினி முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கிணற்றடியில் நின்றேன்.

டொக் டொக்.

டிலோஜினி திரும்பிப் பார்த்தாள். "இஞ்சேரப்பா, வானுக்க ஆர்?"

"பூனையாக்கும்."

டப்.

அவள் எழும்பி நின்றாள். வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டாள். பத்து வருடம் அந்தத் தகரத்தில் தட்டியவள் அவள். அவளுக்குத் தெரியாத தட்டு இல்லை.

"உது எஞ்சின் இல்லையப்பா. ரெண்டு தட்டு, விரல் மொளியால தட்டினது. ஒரு தட்டு, உள்ளங்கையால அடிச்சது. ரெண்டும் வேற வேற கை."

"என்னடி சொல்லுறாய்?"

"ரெண்டு பேர் இருக்கினம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. திங்கட்கிழமை ஓடுவதா வேண்டாமா என்று புரண்டு புரண்டு யோசித்தேன். ஓடாவிட்டால் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? தாய் தகப்பன்களுக்கு என்ன காரணம் சொல்வது? யாரோ தட்டுகிறார்கள் என்றா? சிரிப்பார்கள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஓடினேன். மெலானியை முன் இருக்கையில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

காலையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டது. சோளகக் காற்று. ரோட்டில் உப்புப் புழுதி. வரும்போது மெலானி பின் இருக்கையில் படுக்கப் போகிறேன் என்று அடம்பிடித்தாள். நித்திரை வந்தால் அவளைப் பிடிக்க முடியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அன்று விளையாட்டுப் போட்டிக்கு நின்றுவிட்டார்கள். சரி, இர்ஷானாவும் நீயும் மட்டும் மிச்சம் இருக்கும்போது போய்ப் படு என்றேன்.

எருக்கலம்பிட்டி ஒழுங்கை. நேரம் ஒன்று ஐம்பது. ரோட்டில் ஒரு கழுதைகூட இல்லை.

வானை நிறுத்தினேன். கதவு திறந்தது. இர்ஷானா இறங்கினாள். குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

கதவு சாத்தியது. சர்ர்ர்... டக்.

பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெலானி படுத்திருப்பாள். படுத்தால் கண்ணாடியில் தெரியாது.

டொக் டொக்.

கால் கிளச்சை விட்டது.

வான் ஒரு சாண் நகர்ந்தது.

டப்.

ரப்பர்க் கட்டை... நானா சொன்னவர்... கால் அக்சிலேட்டருக்குப் போனது.

டப்! டப்! டப்!

பின்னால் அல்ல. என் காதடியில். என் பக்கத்து யன்னல் கண்ணாடியில்.

கண்ணாடி அதிர்ந்தது.

பிறேக்கை மிதித்தேன்.

எஞ்சின் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை... காற்று மட்டும்.

யன்னலைப் பார்த்தேன். வெளிப்பக்கம் உப்புப் புழுதி படிந்த கண்ணாடியில் ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும். கைக்குப் பின்னால் ஆள் இல்லை. அடையாளம் மட்டும்.

"மெலானி..."

திரும்பினேன். பின் இருக்கை வெறுமை.

"மெலானி!"

"அப்பா..."

குரல் கீழேயிருந்து வந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வானுக்கு அடியில், பின் சில்லுக்கு முன்னால், என் பிள்ளை குப்புறக் கிடந்தாள். சில்லுக்கும் அவள் தலைக்கும் நடுவில் அவளுடைய தண்ணீர்ப் போத்தல். அது பாதி நசுங்கியிருந்தது. நானும் அவளும் மணலில் இருந்து அழுதோம். யார் பார்த்தாலும் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

"போத்தில் உருண்டு அடியில போட்டுது அப்பா. எடுக்க இறங்கினனான்."

"சொல்லிப்போட்டு இறங்கியிருக்கலாமே, என்ர தங்கமே..."

"அந்த மாமி என்ர காலைப் பிடிச்சு இழுத்தவ. அதுக்குப் பிறகு ஓடினவ, உங்கட பக்கம்."

அவளுடைய கணுக்காலில் விரல் பதிந்த சிவப்பு இருந்தது.

இர்ஷானா சத்தம் கேட்டு ஓடி வந்து நின்றாள். வான் கதவைப் பார்த்தாள். அது இறுகச் சாத்தியிருந்தது.

"மாமா, நான் கதவைச் சாத்தேல்ல. மெலானி இன்னும் கீழ நிண்டவ எண்டு திறந்து விட்டுட்டுத்தான் போனனான்."

அன்று பின்னேரமே வானைக் கட்டி இழுத்துக்கொண்டு றமீஸ் நானாவிடம் போனேன். எஞ்சினை இறக்குங்கோ, இப்பவே இறக்குங்கோ, கடைக்காரரிட்டயே திருப்பிக் குடுங்கோ என்று கத்தினேன். அவர் உடனே ஸ்பானரை எடுத்தார். என் முகமே சொல்லியிருக்கும். அடுத்த நாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு அழைப்பு எடுத்தார். உள்ளே எல்லாம் புதுசு போல இருக்கிறதாம். தட்டுச் சத்தம் வர ஒரு காரணமும் இல்லையாம். அவர் குரலில் முன்பிருந்த பகிடி இல்லை. பழைய சாமான் கடைக்காரரிடம் கேட்டு, எஞ்சின் எந்த வானில் இருந்தது என்பதையும் தெரிந்து வைத்திருந்தார். வெள்ளாங்குளம், ரவிசந்திரன் என்பவருடைய பள்ளிக்கூட வான்.

புதன்கிழமை விடியவே மோட்டார் சைக்கிளில் வெள்ளாங்குளம் போனேன். ரவிசந்திரன் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கச்சான் கடலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மன்னாரிலிருந்து வருகிறேன், உங்கள் வானில் இருந்த எஞ்சின் என்றேன். அவர் பம்பை நிறுத்தினார்.

"தட்டுதுங்களா?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதல் கேள்வியே அதுதான்.

"ஓம்."

"எத்தனை?"

"முதல்ல ரெண்டு. பிறகு ஒண்டு."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னா? எனக்கு ஒன்னு கேட்டதே இல்லிங்க. ரெண்டுதான் கேக்கும்." வரப்பு மண்ணைக் கிள்ளினார். "அப்ப அந்த ஒன்னு எங்க பூமணிங்க."

பூமணி அவருடைய மனைவி. அவருடைய வானுக்கும் மனைவிதான் கதவுக்காரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையின் பென்சில் பெட்டி உருண்டு வானுக்கு அடியில் போயிருக்கிறது. பூமணி அதை எடுக்கக் குனிந்து உள்ளே போயிருக்கிறாள்.

"ரெண்டு தட்டு கேட்டிச்சிங்க. அவதான் தட்டுறான்னு நெனச்சேன். எடுத்துட்டேன்."

"செருப்பு ஒன்னுதான் கெடைச்சிச்சு" என்றார். "மத்தத கடைசி வரைக்கும் தேடுனோம்."

"அப்ப... ரெண்டு தட்டினது ஆர்?"

"தெரியாதுங்க. அந்த எஞ்சின நானும் பழசா வாங்கிப் போட்டதுதான். ஒரு ஓட்டை பெருசாக்கல, அப்படியே பொருந்திச்சு. போட்ட அன்னையிலேருந்து தட்டும். மெக்கானிக்கு ரப்பரு மாத்துனான்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு முந்தி யார் வண்டியில இருந்துச்சுன்னு கேக்கவே எனக்குப் பயங்க."

நான் ரோட்டுக்கு வந்து றமீஸ் நானாவுக்கு அழைத்தேன். எஞ்சினை யாருக்கும் கொடுக்க வேண்டாம், உடைத்துக் கடலில் போடுவோம் என்றேன்.

"தம்பி... கடைக்காரர் லொறி அனுப்பி நேற்றுப் பின்னேரமே ஏத்திப் போட்டாரே. அவற்ற சாமான், குற்றமில்லாத சாமான், நான் என்னத்தைச் சொல்லி மறிக்கிறது? உடனே வேற ஆள் வந்து எடுத்தாச்சாம்."

"ஆர் எடுத்தது?"

"ஆரெண்டு தெரியா. பள்ளிக்கூட வானுக்கு எண்டு சொன்னவராம்."

கடைக்காரருக்கு அழைத்தேன். சொன்னேன். சிரித்தார். மறுபடி அழைத்தேன். பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதே இல்லை. நேரில் போனபோது, வாங்கியவன் எங்கோ தூரத்து ஆள், பெயர் ஊர் ஞாபகமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது என் வானில் வேறு எஞ்சின். பொருத்த நான்கு நாள் எடுத்தது. தாங்கு கட்டையை வெட்டி ஒட்டினோம், தொட்டியை மாற்றினோம், இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டோம். பொருந்தாமல் அடம்பிடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

மகன் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. டிலோஜினி திரும்ப வானுக்கு வருகிறாள். எங்கள் வானில் இப்போது யாரும் தகரத்தில் தட்டுவதில்லை. "போவம்", "நிப்பாட்டுங்கோ" என்று அவள் தொண்டை கிழியக் கத்துவாள், நானும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

போன கிழமை, எருக்கலம்பிட்டிச் சந்தியில் பிள்ளைகளை ஏற்றினோம். டிலோஜினி "போவம்" என்றாள். திரும்பிப் பார்த்தேன், எல்லாம் சரி. கிளச்சை விடப் போனேன்.

டப்.

கால் உறைந்தது. அந்த நொடியில் ஒரு சின்னப் பெடியன் வானின் முன்பக்க மூலையிலிருந்து பந்தின் பின்னால் ஓடி ரோட்டைக் கடந்தான். என் இருக்கையிலிருந்து அவன் தெரியவே இல்லை.

டிலோஜினியின் இரண்டு கையிலும் பிள்ளைகளின் பை இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவள் பின் இருக்கையின் காலியான ஓரத்தைப் பார்த்து, "சரி அக்கா" என்றாள்.

பூமணி எஞ்சினோடு போகவில்லை. எங்கள் பிள்ளைகளோடு நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து மாதா படத்தின் முன்னால் முழங்காலில் நின்றேன். நன்றி சொல்லத்தான் நின்றேன். பாதிச் செபத்தில் நிறுத்தினேன்.

அவள் இங்கே இருக்கிறாள்.

அந்த எஞ்சின், அந்த இரண்டு தட்டோடு, இன்று காலையும் எங்கேயோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

அங்கே ஒரு தட்டுத் தட்ட யாரும் இல்லை.